விளக்கு வைக்கும் நேரம்

செப்டம்பர் 10

இன்று சமயச்சார்பின்மை பாடம் தொடங்கினேன். எங்கள் பள்ளிக்கூடம் களியக்காவிளைப் பக்கம். கொஞ்சம் நடந்தால் கேரளம் வந்துவிடும். வகுப்பில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பாதிப் பேருக்கு வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்துதான் வரும்.

புத்தகத்தோடு நிறுத்த மனமில்லாமல் அரசியல் சட்டத்தின் 27, 28ஆம் பிரிவுகளைக் கரும்பலகையில் எளிய தமிழில் எழுதினேன். குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று யாரிடமும் வரி வாங்கக் கூடாது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் ஜெபத்துக்கோ பூஜைக்கோ வரச் சொல்லி ஒரு மாணவரைக் கட்டாயப்படுத்த முடியாது, அவராகச் சம்மதிக்க வேண்டும். மைனர் என்றால் காப்பாளர் சம்மதிக்க வேண்டும்.

"காப்பாளர்னா யாரு டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அப்பா, அம்மா" என்றேன். மணி அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து சமையல் முடித்து, பாத்திரமும் கழுவி வைத்தாயிற்று. அந்தச் சொல் மட்டும் இன்னும் மனதில் கிடக்கிறது.

செப்டம்பர் 11

எங்கள் வீட்டில் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அப்பா பாயில் சம்மணமிட்டு உட்காருவார், நாங்கள் முழங்காலில் நிற்போம். அன்றைய வசனத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். விட்டுப்போன ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி. புளியம்விளார் வேதப் புத்தகம் இருக்கும் அதே அலமாரியில், அதன் மேல்தட்டில் இருக்கும். அம்மா ஜெபத்துக்கு முன்னால் எங்களை அடுக்களைக்குக் கூப்பிட்டு வசனத்தைக் காதில் ஓதுவாள். எனக்குப் பாதி வசனங்கள் இன்றும் அம்மாவின் குரலில், தேங்காய் எண்ணெய் வாசத்தோடுதான் நினைவில் இருக்கின்றன.

அப்பாவுக்குச் சபையில் நல்ல பெயர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பார். அவர் கெட்டவர் என்று நான் சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நானே ஒரு சொல்லில் அப்படி முடித்துவிடமாட்டேன். தோள்சீலைக் கலகத்தின் கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். எங்கள் பாட்டிமார் மேலே துணி போடக் கூடாது என்று ஊர் வழக்கத்தைக் காட்டித் தடுத்ததையும், ரவிக்கை போட்ட பெண்களைச் சந்தையில் துரத்திக் கிழித்ததையும், 1859இல் மகாராஜா உத்தரவு போட வேண்டி வந்ததையும் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிடும். அதைச் சொல்லி அழுத ராத்திரியிலேயே அக்காவை அடித்திருக்கிறார். ஜெபத்தில் அவள் கண் சொருகிவிட்டதுதான் காரணம்.

"நான் ஆண்டவருக்கு அடிமை. என்ன எதிர்த்துப் பேசினா அவர எதிர்த்துப் பேசின மாதிரி" என்பார். நீதிமொழிகள் 13:24ஐ, பிரம்பைப் பற்றிய அந்த வசனத்தை, எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறையாவது கேட்போம். பிள்ளைகளைக் கோபமூட்டாதீர்கள் என்று தகப்பன்மாருக்குச் சொல்லும் எபேசியர் 6:4ஐ ஒருநாளும் வாசித்தது கிடையாது. அப்படி ஒரு வசனம் இருப்பதே கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை.

செப்டம்பர் 13

ஒரு பிள்ளையின் கணுக்காலுக்கு மேலே தடிப்புகள். வரிவரியாக. பார்த்ததும் புரிந்துவிட்டது. விளாரின் தழும்பு எனக்குத் தெரியாதா.

இனி எழுதுவதில் வகுப்பு, வீடு எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. சொல்லாவிட்டாலும் நான் செய்யமாட்டேன்.

மதியம் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "விளக்கு வச்சதும் நாமம் சொல்லணும் டீச்சர். எனக்கு நடுவுல மறந்து போவும்."

எங்கள் வீட்டில் ஜெபம், அவள் வீட்டில் நாமம். நேரம் ஒன்றுதான்.

ஹெச்.எம். அறைக்குப் போனேன். அவர் நல்ல மனுஷி, பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர். "அவங்க கோயில் கமிட்டித் தலைவர எனக்குத் தெரியும் டீச்சர். கூப்பிட்டுப் பேசச் சொல்லுவோம். வெளிய போனா பிள்ளைக்குத்தான் கஷ்டம்" என்றார். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று முடிந்தது.

செப்டம்பர் 13, ராத்திரி

தூக்கம் வரவில்லை. அம்மாவை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அண்ணனின் கை ஒடிந்த அன்று அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். வாழ்நாளில் அந்தப் படியை அவள் மிதித்தது அந்த ஒரு தடவைதான். அங்கே இருந்தவர் அண்ணன் கையைப் பார்த்தார். எங்கள் பெயரைக் கேட்டார். அடுத்து, "எந்தச் சபை?" என்று கேட்டார். அம்மா சொன்னாள். உடனே ஆள் அனுப்பினார். சபையிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். புகார் எழுதவில்லை. "இதெல்லாம் உங்க சபையில பேசித் தீத்துக்கிடுங்க" என்று எங்களை அவர்களோடு அனுப்பிவைத்தார்கள். சபை எங்களுக்காக ஜெபித்தது. பிறகு அப்பாவிடம் ஒப்படைத்தது.

அரசாங்கத்தின் கதவை அம்மா தட்டினாள். திறந்து பார்த்தால் உள்ளே சபை. சபைக்குள்ளே அப்பா.

மத விவகாரத்தில் அரசு தலையிடாமல் இருப்பதுதான் சமயச்சார்பின்மை என்று சொல்லிக்கொடுக்கிறோம். அன்று அந்த ஸ்டேஷனில் தலையிடாமல்தானே இருந்தார்கள். அரசு ஒதுங்கிக்கொள்வது வேறு, அடிபட்ட பிள்ளையைத் தூக்கி மதத்தின் கையில் கொடுப்பது வேறு. எந்தச் சாதி, எந்தச் சபை, எந்தக் கோயில் என்று கேட்காத ஓர் இடம் எங்களுக்கு வேண்டியிருந்தது. இதை எழுத எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

திங்கட்கிழமை வரை காத்திருக்கமாட்டேன்.

செப்டம்பர் 14

காலையில் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிட்டேன். போன் கேரளா டவரைப் பிடித்திருந்ததால் எடுத்தவர் மலையாளத்தில் பேசினார். நல்லவேளை, இந்த ஊரில் யாருக்கும் மலையாளம் வராமல் இல்லை. விவரம் கேட்டுவிட்டு நாகர்கோவிலுக்கு மாற்றிக்கொடுத்தார். பிள்ளையின் மதத்தை இரண்டு பேருமே கேட்கவில்லை. வயது என்ன, காயம் எங்கே, இப்போது பாதுகாப்பாக இருக்கிறாளா என்றுதான் கேட்டார்கள். போனை வைத்துவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

செப்டம்பர் 19

இரண்டு பெண்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். குழந்தைகள் நலக் குழு முன்னால் பிள்ளை போயிருக்கிறாள். தன் பொறுப்பில் உள்ள பிள்ளையை அடித்துத் துன்புறுத்தினால் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. பக்திக்காக அடித்தால் பரவாயில்லை என்று அதில் எங்கும் இல்லை. மற்றதை இங்கே எழுத முடியாது.

ஹெச்.எம். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று டீ கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

வகுப்பில் 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சொன்னேன். கேரளத்தில் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எனக்குப் பிடித்த தீர்ப்பு. அந்த வீட்டில் தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே நம்பிக்கை. பிள்ளையின் மனது தகப்பனிடமிருந்து பிரியும்போது, 28ஆம் பிரிவின் "காப்பாளர் சம்மதம்" யாரைக் காக்கிறது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகளிடமும் அப்படியே சொன்னேன்.

அக்டோபர் 2

காலாண்டு விடுமுறை. நவராத்திரிச் சாமிகள் இன்று எல்லையைத் தாண்டின. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானை மேல், வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூட. வருஷாவருஷம் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறார்கள். இரண்டு மாநிலப் போலீசும் நின்று மரியாதை செய்கிறார்கள்.

சின்ன வயதில் எனக்கு இதைப் பார்க்கத் தடை. ஒரு தடவை ஒளிந்து போய்ப் பார்த்தேன். யானையின் நெற்றிப்பட்டம் வெயிலில் மின்னியதை மறக்க முடியாது, அதற்கு வாங்கிய அடியையும்.

இன்று முன்வரிசையில் நின்று பார்த்தேன். கண் நிறைந்தது. ஆனால் காக்கிச் சட்டைகள் விறைத்து நின்றபோது மனம் நெருடியது. இந்த மரியாதைக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1750இல் ராஜா மார்த்தாண்ட வர்மா, எங்கள் ஊர்களும் அடங்கிய திருவிதாங்கூர் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, பத்மநாப தாசன் என்ற பெயரில் ஆண்டார். தாசன் என்று சொல்லிக்கொள்கிறவரிடம் யார் கணக்குக் கேட்பது? ராஜாவை எதிர்த்தால் சாமியை எதிர்த்ததாகிவிடும். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் நடக்கக் கூடாது என்று மறித்து நின்றது அந்தத் தாசனின் வழிவந்தவர்களுடைய போலீஸ்தான். இந்தப் பேச்சை நான் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவள்.

அந்தக் கணக்கு இன்னும் முழுதாக முடியவில்லை. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அரசியல் சட்டத்தின் 290ஏ பிரிவுப்படி, ஆண்டுதோறும் கேரளம் 46.5 லட்சம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவசம் என்ற கோயில் நிர்வாக நிதிக்கும், தமிழ்நாடு 13.5 லட்சத்தை இந்தப் பக்கம் வந்த கோயில்களுக்கான நிதிக்கும் கொடுக்க வேண்டும். கோயில் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டதற்கு ஈடு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நியாயத்தை நான் தள்ளிவிடவில்லை. பணம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஊர்வலத்துக்குக் காவல் வேண்டும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் வேண்டும். வணக்கம் செலுத்துவதை மட்டும் என் மனம் ஏற்கவில்லை. நாளைக்கு ஒரு தாய் பிள்ளைகளோடு அந்தப் படியேறும்போது, அந்தச் சட்டை யாருக்கும் தாசனாக இருக்கக் கூடாது.

அக்டோபர் 5

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, பார்வை மங்கல். மைனி மரச்சீனி அவித்து வைத்திருந்தாள். அண்ணன் இடது கையால்தான் தட்டை எடுக்கிறான், ஒடிந்த கை இன்றும் முழுதாக நீளாது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஏழு மணிக்கு அப்பா, "மக்களே, ஒரு சங்கீதம் வாசி" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். முழங்காலிடவில்லை. அவருக்கு அது தெரிந்ததா, தெரியவில்லையா. நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டேன், வேண்டுமென்று அல்ல. அவர் உதடு அந்த வரியைத் தானாகச் சொன்னது. என் தோள் தானாகக் குறுகியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

மன்னித்துவிட்டாயா என்று அக்கா போனில் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அக்டோபர் 8

பள்ளி திறந்து இரண்டாம் நாள். அவள் வந்திருந்தாள். இப்போது அம்மம்மை வீட்டில் இருக்கிறாள். விட்டுப்போன பாடத்தை எழுதிக்கொள்ள என் நோட்டை வாங்கிப் போனாள். திருப்பிக் கொடுக்கும்போது தானாகவே சொன்னாள்:

"அங்கயும் விளக்கு வச்சு நாமம் சொல்லுவேன் டீச்சர். நடுவுல மறந்தா அம்மம்ம சிரிச்சிட்டு அவங்களே சொல்லிருவாங்க."