தங்கச்சி கல்யாண வீடியோவை அம்மாவின் டிவியில் ஓட வைத்தேன்

கல்யாண வீடியோ பென்டிரைவில் வந்தது. 4கே, எச்இவிசி 10 பிட் என்ற புதிய சுருக்க முறை. அம்மா அறையில் இருக்கும் பழைய டிவியில் எச்.264 என்ற பழைய சுருக்க முறை மட்டும்தான் ஓடும். அதனால் ஜெல்லிஃபின் (வீட்டு வீடியோக்களை டிவிக்கு அனுப்பும் மென்பொருள்) போட்டிருக்கும் பழைய லேப்டாப் உடனுக்குடன் மாற்றி அனுப்பியாக வேண்டும். அதன் சிப் இன்டெல் ஐ5 7200யு, 2 கோர். நொடிக்கு 25 ஃபிரேம் தேவை. அது 11ஐத் தாண்டவில்லை. ஃபேன் இரைச்சல் கூடம் வரை கேட்டது. தாத்தா அட்சதை போடக் கையைத் தூக்குவார், சரியாக அங்கே படம் நின்றுவிடும். அவர் போய் ஆறு மாதம் ஆகிறது. "அவர் முகத்தையாவது முழுசா பார்க்க விடுடா" என்றார் அம்மா.

அந்தச் சிப்பின் ஜிபியுவுக்குள்ளேயே வீடியோ மாற்றும் வேலைக்கென்று இன்டெல் குவிக் சிங்க் இருக்கிறது. 7ஆம் தலைமுறை என்பதால் எச்இவிசி 10 பிட்டும் அதற்கு முடியும். செட்டிங்கில் அதைத் தேர்ந்தெடுத்ததும் வீடியோ தொடங்கவே இல்லை. லாகைப் பார்த்தால், ரெண்டர்டி128 என்ற சாதனத்தை, அதாவது லினக்ஸில் அந்த ஜிபியுவின் பெயரை, திறக்க முடியவில்லை. ஜெல்லிஃபின் ஓடுவது டாக்கர் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள். அதன் அமைப்புக் கோப்பான டாக்கர் கம்போஸில் அதைக் கொடுத்துத்தானே இருந்தேன்! இரண்டு ராத்திரி டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டேன். தேவையே இல்லாத வேலை. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் வேண்டாம் என்று ஜெல்லிஃபினைச் சாதாரண யூசர் 1000 ஆக ஓட்டினேன். அந்த யூசர், ஜிபியுவைத் திறக்க அனுமதி உள்ள ரெண்டர் குழுவில் இல்லை, அவ்வளவுதான் கோளாறு. குழுவைச் சேர்க்கும்போது பெயரை எழுதாதீர்கள். கன்டெய்னருக்குள் அந்தப் பெயர் இல்லாமலே போகலாம். வெளியே லினக்ஸில் ரெண்டர் குழுவின் எண்ணைப் பார்த்து, எண்ணாகவே கொடுங்கள். எனக்கு 105, உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

சரி, படம் ஓடியது. ஆனாலும் சிபியு கொதித்துக்கொண்டே இருந்தது. பார்த்தால், எச்இவிசி 10 பிட்டுக்குத் தனியாக ஒரு டிக் இருக்கிறது, அதை நான் போடவில்லை. என்கோடிங் (எச்.264 ஆகச் சுருக்குவது) மட்டும் ஜிபியுவில் நடக்க, கனமான டிகோடிங் (எச்இவிசியைப் பிரிப்பது) முழுவதும் சிபியு தலையில் விழுந்திருக்கிறது. டிக் போட்டதும் வேகம் 60 ஃபிரேமை ஒட்டிப் போனது. ஏவி1 என்ற இன்னொரு சுருக்க முறைக்கான டிக்கை மட்டும் இந்தத் தலைமுறையில் போடாதீர்கள். இன்டெலில் அந்த டிகோடிங் 11ஆம் தலைமுறையில்தான் வந்தது.

அன்று சாயங்காலம் தாத்தா கையைத் தூக்கினார், அட்சதை விழுந்தது. அம்மா ரிமோட்டில் பத்து நொடி பின்னால் போய் மறுபடியும் பார்த்தார். ஃபேன் சத்தம் இல்லாததால் பின்னணியில் தாத்தா இருமுவதுகூடக் கேட்டது.