கண்டாங்கிக்கு எந்த ஜாக்கெட்?

கட்டம் போட்ட பருத்திச் சேலையான கண்டாங்கிக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இதே கலர் இருக்கா?" வேண்டாம். அரக்குச் சேலைக்கு அரக்குத் துணி கடை விளக்கில் ஒன்றாகத்தான் தெரியும். வாசல் வெயிலுக்குக் கொண்டுவாருங்கள்: ஒன்று செங்கல் பக்கம் சாயும், மற்றது ஊதாப் பக்கம் சாயும். இரண்டுக்கும் சாயம் ஏறியது வேறு வேறு இடத்தில். துவைக்கத் துவைக்கச் சேலை ஒரு மாதிரி வெளுக்கும், ஜாக்கெட் வேறு மாதிரி வெளுக்கும்.

அதற்குப் பதில் சேலையை ஒரு முழம் விரித்து, கட்டம் போடும் இழைகளைப் பாருங்கள். கடுகு மஞ்சள் உடல், அரக்குக் கட்டம், அதன் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு என்று வைத்துக்கொள்வோம். எது மிகக் குறைவோ, அதுதான் ஜாக்கெட் நிறம். இங்கே கறுப்பு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய காரைக்குடி கண்டாங்கிக்குக் கட்டமும் அகலம், கரையும் அகலம். கட்டிவிட்டால் மஞ்சளும் அரக்கும் மேலிருந்து கீழ்வரை நிறைந்துவிடும். ஜாக்கெட் கையில் கறுப்பு வந்தால்தான் தறிக்காரர் பார்த்துப் பார்த்து வைத்த அந்தக் கோடு எடுப்பாகத் தெரியும். இரண்டே நிறம் என்றால் கரை நிறத்தை எடுங்கள்.

கட்டத்துக்குக் கட்டம் போடலாமா? அளவு நன்றாக விலகியிருந்தால் போடலாம். சேலைக் கட்டம் இரண்டு அங்குலம் என்றால் ஜாக்கெட்டில் கால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. ஒன்றரை அங்குலம் என்றால் தோளில் முந்தி விழும் இடத்தில் கோடுகள் தப்பிப்போனது போலவே தெரியும். எனக்குப் பிடித்தது மதுரைச் சுங்குடி. சின்னப் புள்ளி கோட்டோடு மோதாது. ஜரிகை ப்ரோகேட் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பளபளப்புக்குப் பக்கத்தில் நல்ல பருத்திச் சேலையும் பழசாகத் தெரியும்.

முழங்கை வரை கை வைக்க ஒரு மீட்டர் டூ பை டூ ரூபியா (ஜாக்கெட்டுக்கென்றே விற்கும் மெல்லிய துணி) பெரும்பாலானவர்களுக்குப் போதும். வெட்டுவதற்கு முன் ஜாக்கெட் துணியையும் லைனிங்கையும் தனித்தனியாக ராத்திரி முழுக்க ஊறவைத்து, நிழலில் காயவையுங்கள். லைனிங் அதிகம் சுருங்கும்; நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே முதுகுத் தையல் சுருக்கு விழும். காய்ந்த பிறகு ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் இன்னும் அலசவேண்டும். இல்லாவிட்டால் வியர்வையில் சாயம் இறங்கி, அக்குளை ஒட்டிய முந்தியில் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் சேலையில் அந்தக் கறை போகாது.

கஞ்சி சேலைக்கு மட்டும் போடுங்கள். ஜாக்கெட்டுக்கும் போட்டால் கையை இணைக்கும் தையல் விறைத்து அக்குளில் உரசும்.