கோட்டேயிலிருந்து வந்த மணி

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை நவநாள் முடிந்ததும் நேரே பஸ் ஏறிவிடுவது என் வழக்கம். போன வாரம் செட்டியார் தெரு வழியாக நடந்தேன். நகைக்கடைகளைத் தாண்டி, மெயின் ஸ்ட்ரீட்டும் நாலாம் குறுக்குத் தெருவும் சந்திக்கிற இடத்தில் கெய்மன்ஸ் கேட் மணிக்கோபுரம் நிற்கிறது. சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை கடந்திருப்பேன்! கும்பிட வேண்டிய இடம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அந்த மணி கோட்டேயில் இருந்த புனித பிரான்சிஸ் ஆலயத்தின் மணி என்பார்கள். கோட்டே அரசன் தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்றான். எட்டே வருடம். பக்கத்து அரசான சீதாவக்கையின் ஓயாத போரில் 1565இல் அரசனும் போர்த்துக்கேயரும் தலைநகரை விட்டுக் கொழும்புக்கு வந்துவிட்டார்கள். சனம் போன ஊரில் கோவில் மட்டும் எப்படி நிற்கும்? இடிந்துபோனது. பிறகு ஒல்லாந்தர் இடிபாட்டில் கிடந்த மணியை எடுத்து வந்து இங்கே தொங்கவிட்டு, மேட்டிலுள்ள வுல்வெண்டால் தேவாலயத்தின் ஆராதனைக்கு ஆட்களை அழைக்க அடித்தார்கள். கோவில் போன பிறகும் மணி தன் வேலையை விடவில்லை.

பிரான்சிஸ் அசிசியாரின் கதையும் ஒரு பாழடைந்த சிற்றாலயத்தில்தான் தொடங்குகிறது. சான் தமியானோவில், இடிந்துகொண்டிருக்கும் என் வீட்டைச் செப்பனிடு என்று சிலுவையிலிருந்து ஆண்டவர் சொன்னதாகக் கேட்டுக் கல் சுமந்தவர் அவர். சற்று முன் நான் மெழுகுதிரி ஏற்றிய அந்தோனியாரும் அவருடைய சபைத் துறவிதானே. அப்படிப்பட்ட பிரான்சிஸ் பெயரில் இருந்த கோவிலே இடிந்துபோனதை நினைக்க நெஞ்சு கனத்தது.

கோபுரத்தருகே சுமை தூக்கும் நாட்டாமி ஒருவர் மூட்டையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

“அண்ணே, இந்த மணி அடிக்கிறதைக் கேட்டிருக்கிறீங்களா?”

“நான் இங்க வந்து இருபது வருஷம் தம்பி. ஒருநாளும் கேட்டதில்ல.”

மணி பன்னிரண்டு. மூவேளைச் செபம் சொல்லும் நேரம். கோட்டேயில் இந்த மணி கேட்டு எழுந்து பூசைக்குப் போன, பெயர் தெரியாத அந்தப் பங்குமக்களுக்காக அதை ஒப்புக்கொடுத்தேன். கைவண்டிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது அருள் நிறைந்த மரியே சொல்லும்போது பார்த்தேன், அந்த அண்ணன் தலையிலிருந்த சும்மாட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, என்னோடு மேலே பார்த்து நின்றார்.