ஓடாத உலைக்குள் ஒரு வெள்ளிக்கிழமை

நான் வளர்ந்தது நெய்வேலியில். அப்பாவுக்கு முதலாம் அனல் மின் நிலையத்தில் டர்பைன் பக்கம் வேலை. பள்ளியில் படிக்கும்போது ஒரே ஒரு முறை எங்களை உள்ளே கூட்டிப்போனார்கள். நினைவில் நிற்பது சத்தம்தான். பக்கத்தில் நின்ற டீச்சரின் வாய் அசைந்தது தெரிந்தது. என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. மின் நிலையம் என்றால் எனக்கு முதலில் சத்தம், அப்புறம் சூடு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆஸ்திரியாவின் வியன்னாவில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போனபோது, ஸ்வென்டென்டோர்ஃப் அணுமின் நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். "ஊரே அரண்மனை பார்க்கப் போகுது, உனக்கு மட்டும் ஏன்டி இப்படி?" என்றாள். ஆனாலும் காரை எடுத்தாள். நாங்கள் போனபோது, முன்பே பதிவு செய்துகொண்டால் வெள்ளிக்கிழமைகளில் வழிகாட்டியோடு உள்ளே பார்க்க முடிந்தது, கட்டணம் இல்லை. ஓசியில் அணு உலை காட்டுகிறார்கள் என்றதும் அவளுக்கும் கொஞ்சம் ஆர்வம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வியன்னாவிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். டான்யூப் கரை, சுற்றிலும் வயல், நடுவே ஜன்னல் இல்லாத பெரிய கான்கிரீட் பெட்டி, அதை ஒட்டி 110 மீட்டர் புகைபோக்கி. அதில் ஒரு நாளும் எதுவும் போனதில்லை.

கதை இதுதான். 1972-ல் கட்ட ஆரம்பித்தார்கள். கொதிநீர் உலை, அதாவது உலைக்குள்ளேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவி எடுக்கும் வகை. திறன் சுமார் 700 மெகாவாட். 1978-ல் எல்லாம் தயார். ஆட்களை எடுத்துப் பயிற்சி கொடுத்தாயிற்று. எரிபொருளும் வந்து இறங்கிவிட்டது. சாலை வழியே கொண்டுவந்தால் மறிப்பார்களே என்று ஹெலிகாப்டரில் இறக்கினார்களாம். சுவிட்சைப் போடுவதுதான் பாக்கி. எதிர்ப்பு வலுத்ததால் பிரதமர் புரூனோ கிரைஸ்கி, சரி, மக்களையே கேட்டுவிடுவோம் என்று பொதுவாக்கெடுப்பு வைத்தார். ஜெயித்துவிடுவோம் என்ற நம்பிக்கை. 1978 நவம்பர் 5 அன்று வேண்டாம் என்றவர்கள் 50.47 சதவீதம். வித்தியாசம் ஏறத்தாழ 30,000 ஓட்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தோற்றால் பதவி விலகுவேன் என்கிற மாதிரி கிரைஸ்கி பேசிவைத்திருந்தார். அணுசக்தி எப்படிப் போனாலும் சரி, இந்த மனுஷன் போனால் போதும் என்று வேண்டாம் போட்டவர்களும் உண்டு. அவர் போகவில்லை. அடுத்த வருடத் தேர்தலில் தனிப் பெரும்பான்மையோடு திரும்பி வந்தார். உலைதான் போனது. அந்த டிசம்பரிலேயே நாட்டில் அணுமின்சாரமே கூடாது என்று சட்டமும் வந்துவிட்டது.

உள்ளே போனதும் குளிர். ஓடும் நிலையமாக இருந்தால் வேர்த்துக் கொட்டியிருக்கும். இங்கே சட்டை கையை இழுத்து விட்டுக்கொண்டேன். ஜெர்மனில் விளக்கிய வழிகாட்டியின் குரல் சுவரில் பட்டு இரண்டு முறை கேட்டது. தோழி காதருகே மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். படிகள், மறுபடி படிகள். முட்டி வலி இருப்பவர்கள் யோசித்துவிட்டுப் போங்கள்.

கட்டுப்பாட்டு அறை எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் இடம். சுவர் முழுக்க முள் வைத்த மீட்டர்கள், பொத்தான்கள், பழைய டெலிபோன்கள். அழகுதான். ஆனால் என்னை நிறுத்தியது அது இல்லை, உலைக்கு அடியில் இருக்கும் அறை.

கொதிநீர் உலையில், அணுப்பிளவைக் கட்டுக்குள் வைக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் கீழிருந்து மேலே ஏறும். மேலே நீராவியைப் பிரிக்கும் அமைப்பு இருப்பதால் அங்கே இடம் கிடையாது. அதனால் எரிபொருள் இருக்கும் எஃகு அழுத்தக் கலத்தின் அடிவயிற்றிலிருந்து குழாய் குழாயாக இறங்குகிறது, ஆலமர விழுது மாதிரி. குனிந்து போய் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஓடிய உலை என்றால் அதை நிறுத்திவைத்த பிறகும் கதிர்வீச்சு அளவியை மாட்டிக்கொண்டு, எத்தனை நிமிடம் என்று கணக்குப் பார்த்துத்தான் இங்கே வரமுடியும். நான் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஒரு சின்னப் பையன் கொட்டாவி விட்டான்.

அங்கங்கே வெற்றிடங்கள் இருந்தன. இதே வடிவமைப்பில் ஜெர்மனியில் கட்டிய இசார்-1, பிலிப்ஸ்பர்க்-1, புருன்ஸ்பியூட்டல் நிலையங்களுக்கு இங்கிருந்து உதிரி பாகங்கள் போயிருக்கின்றன. அவற்றின் ஊழியர்கள் பயிற்சிக்கும் இங்கே வந்தார்கள். கதிர்வீச்சு இல்லாமல் கையால் தொட்டுப் பழக இதைவிட நல்ல இடம் ஏது? ஃபுகுஷிமாவுக்குப் பிறகு 2011-ல் அந்த அக்கா தங்கைகளையும் நிறுத்திவிட்டார்கள்.

டர்பைன் கூடம் வந்ததும் நான் கூட்டத்தை விட்டுப் பின்தங்கிவிட்டேன். அப்பாவின் முதலாம் அனல் மின் நிலையத்தில் ஒன்பது யூனிட் சேர்ந்து 600 மெகாவாட்டாக இருந்தது. இங்கே ஒரே டர்பைன் வரிசை 700. இவ்வகை உலையில் நீராவி நேராக உலையிலிருந்தே டர்பைனுக்கு வருவதால், ஓடும்போது டர்பைன் பக்கமும் கதிர்வீச்சு இருக்கும், ஆள் போக முடியாது. அப்பா ஷிஃப்டில் டார்ச்சும் துணியுமாக டர்பைனைச் சுற்றி வருவாரே, அது இந்த நிலையம் ஓடியிருந்தாலும் இங்கே நடந்திருக்காது. மேலுறை மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, வேறொன்றும் இல்லை.

கடைசியில் ஒருவர் கேட்டார்: எல்லைக்கு அந்தப் பக்கம் செக் நாட்டில் டுக்கோவானியும் டெமலினும் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன, வேண்டாம் என்று சொல்லி என்ன லாபம்? வழிகாட்டி சிரித்தார், தினம் கேட்கும் கேள்வி போல. எனக்கு அதைவிட உறுத்தியது, பக்கத்து டியூர்ன்ரோரில் இதற்குப் பதிலாகக் கட்டிய அனல் மின் நிலையம். 2019 வரை அங்கே நிலக்கரி எரித்தார்கள். பழுப்பு நிலக்கரிச் சம்பளத்தில் படித்த நான் இதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே நல்லது.

2005-ல் ஈ.வி.என் என்ற மின் நிறுவனம் இந்த இடத்தை வாங்கியது. இப்போது வளாகத்தில் சூரியத் தகடுகள் இருக்கின்றன, கொஞ்சம் மின்சாரமும் வருகிறது.

ராத்திரி வீடியோவை அப்பாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"ஏம்மா, சத்தத்தை நிறுத்திட்டியா? ஒண்ணுமே கேக்கலை."

"நிறுத்தலைப்பா. அங்க சத்தமே கிடையாது."

மறுபடி ஓட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அந்த வால்வு சக்கரத்தைப் பாரு" என்றார். "கை படுற இடத்துல பெயின்ட் அப்படியே இருக்கு."