பென்ஷன்காரர் கப்பலேறினோம்

மெல்பேர்னில் இருக்கும் என் தங்கைக்கு இப்போது முதியோர் குடியிருப்பில் வீடு, வருசத்துக்கு ஒருக்கா பெரிய சுற்றுலாக் கப்பல். "அக்கா, கிளிநொச்சியில தனிய இருந்து என்ன செய்யிறாய்?" என்று கேட்கிறாள்.

தனியவா? எங்கள் முதியோர் சங்கக் கூட்டத்தில் பாதி, பென்ஷன் எடுக்கும் நாளில் வங்கி வாசலிலேயே முடிந்துவிடும். பிள்ளைகள் கனடா, லண்டன் என்று போய்விட்டார்கள்; எனக்குக் காய்ச்சல் என்றால் வேலிப் பொட்டுக்குள்ளால் கஞ்சி வரும், கிளினிக் நாளில் ஒரே ஓட்டோவில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு போவோம். எனக்கு இது போதும்.

கப்பல் ஆசை மட்டும் இருந்தது. 2023 ஆனியில் எம்பிரஸ் என்ற சுற்றுலாக் கப்பல் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கு வந்தபோது படம் பார்த்துப் பெருமூச்சு விட்டதுதான் மிச்சம், அதில் ஏற நாங்கள் சென்னைக்கல்லவா போக வேண்டும். அதே வருசம் ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாளிலேயே மாரியால் நின்று, 2024 ஓகஸ்ட்டில் சிவகங்கை என்ற கப்பலோடு திரும்ப ஓடியது. கூட்டத்தில் போஸ்ட்மாஸ்டர் அண்ணை எழும்பி, "அந்தக் காலத்தில தலைமன்னாரில இருந்து இராமேஸ்வரம் ஓடின இராமானுஜம் கப்பல் ஏறினவன் நான், இதிலயும் ஒருக்காப் போகாமல் சாகமாட்டன்" என்றார். பிறகு யார் மறுப்பது?

வாடைக்காற்று ஓய்ந்து கடல் படுத்திருக்கும் பங்குனியில் வான் பிடித்து ஆனையிறவு தாண்டிப் போனோம். கப்பல் என்றதும் நீச்சல்குளம், ஆட்டம்பாட்டம் எதுவும் நினைக்க வேண்டாம். நூற்றைம்பது இருக்கைகள், ஏசி பஸ்ஸைக் கடலில் இறக்கிவிட்டதுபோல. சுமார் நான்கு மணி நேரம், 110 கிலோமீற்றர். நேர்ஸ் அக்கா எல்லாருடைய சீனி, பிரஷர் குளிசைகளையும் பெயர் எழுதித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அண்ணையின் இராமானுஜம் கதை நடுக்கடலில் சட்டென்று நின்றது. அவருக்குத்தான் முதலில் சத்தி வந்தது.

நாகபட்டினத்தில் ரீச்சர் அக்காவின் பையை அவிழ்த்த அதிகாரி, "அம்மா, இது என்ன மாவு?" என்றார். ஒடியல் மா. அக்கா விடுவாவா! பனங்கிழங்கு காயவைப்பதில் தொடங்கி, கூழுக்கு நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை போட்டுப் புளி கரைத்து விடும் வரைக்கும் சொல்லி முடித்தார், பின்னால் வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது. அதிகாரி பையைத் தானே கட்டிக் கொடுத்தார்.

சிக்கல் முருகன், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி எல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பது எங்கள் வயசுக்கு நல்ல வசதி. வற்றாப்பளை அம்மனை விட்டால் வேறு தெய்வம் தெரியாத அக்கா ஒருவர், வேளாங்கண்ணியில் எங்களை எல்லாம் வெயிலில் நிற்கவைத்துவிட்டு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார்.

வயசானவர்கள் போவதென்றால் ஒன்று சொல்வேன்: அறை கீழ்த்தளத்தில்தான் வேண்டும், கொமெட் இருக்கிறதா என்று முதலே கேளுங்கள், மருந்தைப் பெரிய பெட்டிக்குள் போடாதீர்கள். மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

அடுத்தது திருச்செந்தூரா இராமேஸ்வரமா என்று சங்கத்தில் இப்போதே சண்டை. நான் இராமேஸ்வரம் கட்சி. ரீச்சர் அக்கா எந்தப் பக்கமோ, ஒடியல் மா மட்டும் இடித்து வைத்துவிட்டாவாம்.