பொம்மை புதைச்ச மைதானம்

கோஸ்டா ரிகால 'சோடா'ன்னு போர்டு பாத்தா ஜில்லுனு ஏதோ குடிக்கக் கிடைக்கும்னு உள்ள போயிடாதீங்க, நான் போய் பல்ப் வாங்கினேன். அங்க சோடான்னா சின்ன சாப்பாட்டுக் கடை, நம்ம மெஸ் மாதிரி, நாலு டேபிள், ஒரு அம்மா சமைப்பாங்க, மத்தியானம் சோறு, கருப்பு பீன்ஸ், பொரிச்ச வாழைப்பழம், ஒரு துண்டு கறின்னு ஒரே தட்டுல வரும், அதுக்கு பேரு கசாடோ. நான் போனது கார்த்தாகோன்னு ஒரு ஊர்ல, அதுவும் அந்த ஊரு என் பிளான்லயே கிடையாது.

பிளான் என்னன்னா இராசூ எரிமலை. 3,432 மீட்டர், நாட்டுலயே உயரமான எரிமலை, நல்ல நாளா இருந்தா க்ரேட்டர் அப்படியே தெரியும்னு சொன்னாங்க. நல்ல நாளா இல்ல. விடியக்காலைல தலைநகரம் சான் ஹோசேல பஸ் ஏறி ஒச்சோமோகோ மேட்டத் தாண்டும்போதே எதிர்ல வர்ற வண்டி தெரியல, அவ்ளோ மூட்டம், கார்த்தாகோல இறங்கி விசாரிச்சா மேல போனாலும் வெள்ளையா ஒரு சுவரு தான் பாப்பீங்கன்னு கைய விரிச்சுட்டாங்க. குளிரு வேற. சரி எதையாவது சூடா குடிப்போம்னு தான் அந்த சோடாக்குள்ள போனேன், அங்க கிடைச்சது அகுவா துல்சே, வேற ஒண்ணுமில்ல, கரும்பு வெல்லத்த சுடுதண்ணில கரைச்சது. ரெண்டு கப் குடிச்சேன்.

கடை சுவரு பூரா நீலமும் வெள்ளையும். சாமி படம் ஒண்ணு, அதுக்குப் பக்கத்துலயே அதே சைஸ்ல அதே ஃப்ரேம்ல ஒரு ஃபுட்பால் டீம் படம், ரெண்டுக்கும் ஒரே சீரியல் லைட்டு. படத்துக்குக் கீழ 2022ன்னு போட்டிருந்துச்சு. யாரு இவங்கன்னு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஸ்பானிஷ்ல கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, இல்ல கேட்டது நல்லதா போச்சு, ரெண்டு மணி நேரம் நான் அங்கருந்து எழுந்திரிக்கல.

பதில் சொன்னது அந்தம்மா இல்ல, மூலை டேபிள்ல உக்காந்திருந்த ஒரு பெரியவரு, எழுபது வயசுக்கு மேல இருக்கும். என்னை விட நாப்பது வயசு பெரியவரு, ஆனா பேச்சு பூரா 'உஸ்தே, உஸ்தே'ன்னு நீங்க போட்டு தான். அங்க வீட்டுக்குள்ள கூட நிறைய பேரு அப்படித்தான் பேசறாங்க, கோயம்புத்தூர்க்காரங்க கேட்டா சந்தோஷப்படுவாங்க. புரியாத இடத்துல ஃபோன்ல ட்ரான்ஸ்லேட் போட்டு சமாளிச்சோம்.

விஷயம் இது தான். க்ளப் பேரு கார்த்தஹினேஸ். 1906 ஜூலை 1ல ஆரம்பிச்சது, நாட்டுல இன்னும் ஆடிட்டு இருக்கற க்ளப்லயே வயசானது. ஊருக்கு வந்து செட்டிலான ஒரு கனடா டாக்டரோட பையன், வில்லி பிரின்னு பேரு, அவரும் கூட்டாளிங்களும் சேந்து ஆரம்பிச்சது. நாலு வருஷம் கழிச்சு, 1910 மே 4ஆம் தேதி, நிலநடுக்கத்துல ஊரே தரைமட்டம். அதுக்கு முன்னாடியே இந்த ஊருக்கு ஒரு அடி விழுந்திருக்கு, ஸ்பெயின்காரன் காலத்துல கார்த்தாகோ தான் தலைநகரம், 1823ல நான் பஸ்ல தாண்டி வந்தேனே அதே ஒச்சோமோகோல ஒரு சண்டை, அதுல தோத்து தலைநகரம் சான் ஹோசேக்குப் போயிடுச்சு. பெரியவரு அத நேத்து நடந்த மாதிரி சொல்றாரு. 'எங்க கிட்ட இருந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க, மூட்டத்த மட்டும் விட்டுட்டாங்க'ன்னாரு. டீமோட செல்லப் பேரே ப்ருமோசோஸ், மூட்டத்துக்காரங்க.

1921ல நேஷனல் லீக் ஆரம்பிக்குது. இவங்க 1923ல சாம்பியன், 1936ல சாம்பியன், 1940ல சாம்பியன். அவ்ளோ தான். அதுக்கப்பறம் 2022 வரைக்கும் ஒண்ணு கூட இல்ல.

81 வருஷம்னு சொல்றாங்க. நான் மனசுல கழிச்சுப் பாத்தேன், 82 வருது, ஆனா அந்த ஊர்ல சின்னப் புள்ளைல இருந்து எல்லாரும் 81ன்னு தான் சொல்றாங்க, அவங்க கஷ்டம் அவங்க கணக்கு, நான் எதுக்கு வாயத் தொறக்கணும்.

ஏன் ஜெயிக்கலன்னு கேட்டா ரெண்டு கதை இருக்கு, யாரக் கேட்டாலும் ரெண்டுல ஒண்ணு சொல்றாங்க, சில பேரு ரெண்டையும் கலந்து சொல்றாங்க. ஒண்ணு, 1940ல ஜெயிச்ச ஜோர்ல ப்ளேயருங்க தண்ணியப் போட்டுட்டு குதிரையோட பெரிய கோயிலுக்குள்ள நுழைஞ்சுட்டாங்களாம், அங்க இருந்த பாதிரியார் கோவத்துல, இந்த டீம்ல கடைசி ஆள் சாகற வரைக்கும் உங்களுக்கு இனிமே கப் கிடையாதுன்னு சாபம் விட்டுட்டாராம். இன்னொண்ணு, எவனோ ஒரு பொம்மைய செய்வினை பண்ணி மைதானத்துல புதைச்சுட்டானாம். முன்யேக்கோன்னா பொம்மை. ஒவ்வொரு வருஷமும் தோக்கும்போது 'இன்னும் முன்யேக்கோ வெளிய வரல'ன்னு சொல்றது அங்க ஒரு பழமொழி மாதிரியே ஆயிடுச்சு, மத்த ஊருக்காரன் கிண்டல் பண்றதுக்கும் அதே வார்த்தை தான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, இவங்க ஒண்ணும் மட்டமான டீம் இல்ல. மட்டமான டீம்னா சாபமே தேவையில்லயே. சப்ரிஸா, அலஹுவேலா, எரேதியா, அப்பறம் இவங்க, இந்த நாலு பேரத் தான் பெரிய டீமுன்னு எப்பவும் சொல்லுவாங்க, மத்தவங்க கப்பா குவிக்கறாங்க, சப்ரிஸா மட்டுமே நாப்பது தடவ சாம்பியன். இவங்களும் ஃபைனல் வருவாங்க. வந்து தோப்பாங்க. 2013ல எரேதியாவோட ஃபைனல், சொந்த ஊர்ல முதல் மேட்ச்ல ஜெயிச்சாச்சு, ஊரே பட்டாசு வாங்கி வெச்சிருக்கு, ரெண்டாவது மேட்ச்ல போய் பெனால்டில தோத்துட்டு வந்தாங்க. அத சொல்லும்போது பெரியவரு கப்பக் கீழ வெச்சுட்டாரு. கடைக்கார அம்மா கிச்சன்ல இருந்தே 'அந்தப் பேச்ச எடுக்காதீங்க'ன்னு குரல் குடுத்தாங்க.

இதுக்கு நடுவுல ஒரு கூத்து. சொந்த நாட்டுல சாம்பியன் ஆக முடியாத இவங்க, வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் எல்லாம் சேந்த கான்காகாஃப் சாம்பியன்ஸ் கப்ப ஜெயிச்சிருக்காங்க! 1994 வருஷத்து கப், ஃபைனல் நடந்தது 1995 பிப்ரவரில, மெக்சிகோவோட அட்லாண்டேவ 3-2ன்னு அடிச்சாங்க. எங்க நடந்துச்சுன்னா சான் ஹோசேல, ஆனா இவங்க சான் ஹோசே இல்ல, கலிஃபோர்னியால இருக்கற சான் ஹோசே. இருபது முப்பது தடவ லீக் ஜெயிச்ச எரேதியா கிட்ட இன்னிக்கு வரைக்கும் அந்தக் கப் கிடையாது. 'சாபம் எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை செய்யாது போல'ன்னு நான் சொன்னதும் பெரியவரு ஒரு நிமிஷம் சீரியஸா யோசிச்சாரு, 'எங்கப்பாவும் இதத் தான் சொன்னாரு'ன்னாரு.

அவங்கப்பா 1940 டீம நேர்ல பாத்தவரு. இவரு பொறந்தது அதுக்கப்பறம். சின்ன வயசுல இருந்து அப்பா கூட ரேடியோ பக்கத்துல உக்காந்து தோக்கறதக் கேட்டே வளந்திருக்காரு. அப்பா போய்ச் சேந்தாச்சு, அண்ணனும் போயாச்சு. 2022 ஜூலை 6, ராத்திரி, அலஹுவேலா ஊர்லயே வெச்சு ஃபைனலோட ரெண்டாவது மேட்ச். கோச் ஹெய்னர் செகுரா. முன்வரிசைல ஆடினது மார்செல் எர்னாண்டஸ்னு ஒரு க்யூபாக்காரர், இந்தாளு நடுவுல அதே அலஹுவேலாவுக்குப் போய் ஆடிட்டு திரும்பி இங்க வந்தவரு, அதனால அந்த ராத்திரி ரெண்டு பக்கமும் டென்ஷன் கொஞ்சம் ஜாஸ்தி. மேட்ச் முடிஞ்சு விசில் அடிச்சதும் என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். கத்தினேன், அழுதேன், அப்படி ஏதாவது சொல்லுவாருன்னு பாத்தா, 'டிவிய ஆஃப் பண்ணிட்டேன்'ன்னாரு. எங்கயாவது திருப்பி வாங்கிடுவாங்களோன்னு பயம். அப்பறம் தெருவுல சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரன் கதவத் தட்டின பிறகு தான் நம்பி வெளிய வந்திருக்காரு. விடிய விடிய ஊர்ல யாரும் தூங்கல. காலைல கொடிய எடுத்துட்டு கல்லறைக்குப் போய் அப்பா கிட்ட சொல்லிட்டு வந்தாராம், போனா அங்க இவருக்கு முன்னாடியே நாலஞ்சு கல்லறைல நீல வெள்ளைக் கொடி கட்டியிருந்துச்சாம்.

நான் அதுக்கு மேல எதுவும் கேக்கல. பில்லக் குடுங்கன்னேன், அகுவா துல்சேக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க.

மூட்டம் கொஞ்சம் விலகினதும் ஊர சுத்தினேன். நடு ஊர்ல சாந்தியாகோ கோயில் இடிபாடு, கட்டிட்டு இருக்கும்போதே 1910ல விழுந்தது, அப்படியே விட்டுட்டாங்க, கூரை இல்லாத கல் சுவருக்கு நடுவுல தோட்டம். அதுக்கும் ஒரு சாபக்கதை இருக்கு, தலை இல்லாத பாதிரியார் ராத்திரில நடப்பாராம். ஒரு ஊருக்கு எத்தன சாபம்டா சாமி.

அங்கருந்து நேரா நடந்தா பசிலிக்கா, குதிரைக் கதை நடந்ததா சொல்ற அதே கோயில். உள்ள ஜனங்க வாசல்ல இருந்து முட்டி போட்டே முன்னாடி போறாங்க. மாதா பேரு லா நெக்ரிதா, கருப்பம்மான்னே வெச்சுக்கலாம், ஒரு சாணு உசரம் கூட இருக்காது, கருப்பா ஒரு கல்லு, 1635ல ஹுவானா பெரேய்ராங்கற பொண்ணு விறகு பொறுக்கப் போன இடத்துல ஒரு பாறை மேல கிடைச்சதா ஐதீகம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா மறுநாள் திரும்பப் பாறைலயே இருந்துச்சாம். ஆகஸ்ட் 2 திருநாளுக்கு சான் ஹோசேல இருந்து இருபத்தி ரெண்டு கிலோமீட்டர் லட்சக்கணக்குல ஜனங்க நடந்தே வர்றாங்க. கீழ காணிக்கை வெச்சிருக்கற இடத்துல குட்டிக் குட்டியா கை, கால், கண்ணு, இதயம், எல்லாம் உலோக உருவாரம், ஆயிரக்கணக்குல. அதுக்கு நடுவுல விளையாட்டுக் கப்பு, மெடலு, ஜெர்சியும் வெச்சிருக்காங்க. எத்தன பேரு இங்க முட்டி போட்டு வந்து கார்த்தஹினேஸுக்காக வேண்டியிருப்பாங்கன்னு நெனச்சேன். பின்னாடி ஊத்துத் தண்ணி, பாட்டில்ல பிடிச்சுக்கிட்டேன்.

கடைசியா ஸ்டேடியம். ஃபெய்யோ மேசான்னு அந்தக் காலத்து ஸ்டார் ப்ளேயர் பேரு வெச்சிருக்காங்க. அன்னிக்கு மேட்ச் இல்ல, கேட் பூட்டு. வாட்ச்மேன் கிட்ட இந்தியால இருந்து வர்றேன், சோடாக் கடைல கதை கேட்டேன்னு ட்ரான்ஸ்லேட்ல காமிச்சேன், சிரிச்சுட்டு அஞ்சே நிமிஷம்னு உள்ள விட்டாரு. வீடுகளுக்கு நடுவுல ஒரு மைதானம், அவ்ளோ தான், பிரம்மாண்டம்னு எதுவும் இல்ல, காலி கேலரி, புல்லு மேல மூட்டம் திரும்பவும் இறங்கிட்டு இருந்துச்சு.

முன்யேக்கோ எங்கன்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, தூரத்துல இருந்த கோல் போஸ்ட் பக்கம் கைய நீட்டினாரு, அப்பறம் கொஞ்சம் நடுவுக்கு நகத்தினாரு. 2022ல தோண்டி எடுத்துட்டீங்களான்னு கேட்டதுக்கு தலைய ஆட்டினாரு, 'நான் இருக்கற வரைக்கும் இங்க யாரும் எதையும் தோண்டல.'

அப்போ இன்னும் உள்ள தான் இருக்கான்னு டைப் பண்ணி நீட்டினேன். படிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம கேட் சாவிய எடுத்தாரு, வெளிய வர்ற வரைக்கும் கோட்டு மேல கால் படாம ஓரமாவே என்னைக் கூட்டிட்டு வந்தாரு.