ஃபேனும் ஒரு கப்பாசிட்டரும்
வெள்ளவத்தை வெக்கையில் மூன்று நாளாய் ஃபேன் சோம்பலாய்ச் சுற்றியது, மோட்டார் போய்விட்டது என்றே நினைத்தேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடைக்கார அண்ணா கேட்ட உடனேயே "கப்பாசிட்டர்தான் தம்பி" என்றார், மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவியைத்தான் சொன்னார். பழையதில் கொள்ளளவு 2.5 மைக்ரோஃபரட் என்று எழுதியிருந்தது, மீட்டரில் அளந்தால் 1.1. உள்ளே பிளாஸ்டிக் படலத்தின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு; எங்காவது ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகி, காயம் தானாகவே ஆறிவிடும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொள்ளளவு கொஞ்சம் குறையும். என்ன ஒரு நாகரிகமான சாவு!

போனைத் திருப்பினால் திரை திரும்புவதும் கொள்ளளவு மாறும் இதே வித்தைதான்: சிலிக்கனில் செதுக்கிய சீப்புப் பற்கள் அசைய இடைவெளி மாறும், கொள்ளளவும் மாறும், அதை அளக்கிறார்கள்.

அப்புறம், தடையி, கொள்ளளவி, தூண்டி என்று மின்சுற்றின் அடிப்படை உறுப்புகள் மூன்றைத்தானே பள்ளியில் படித்தோம், நான்காவதாக ஒன்று இருக்க வேண்டும் என்று மின்பொறியியல் அறிஞர் லியோன் சுவா 1971இலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். மெம்ரிஸ்டர். கரண்ட் போனாலும் கடைசியாக இருந்த தடையை மறக்காது. 2008இல் எச்பி ஆய்வகம் டைட்டானியம் டையொக்சைட்டில் செய்து காட்டியது. அது சுவா சொன்ன அதே சாமான் இல்லை என்று சிலர் சண்டை பிடித்தார்கள், எனக்கென்னவோ அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது.

சரி, ஃபேன் இப்போது பேய் மாதிரிச் சுற்றுகிறது, மேசையில் கிடந்த கடதாசி எல்லாம் தரையில்.